பரணில் இருக்கும் தகரப்பெட்டியை எடைக்குப் போடாதீர்கள்
இந்தியன் ஏர்லைன்ஸ் மதுரை ஊழியர்களுக்கும் அவர்கள் வீட்டாருக்கும் ஒரு திறந்த மடல்

இந்தியன் ஏர்லைன்ஸ் விமானக் கம்பெனியின் மதுரை ஸ்டேஷனில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற அண்ணன்மார்களுக்கும் அக்காமார்களுக்கும், இன்று நம்மோடு இல்லாதவர்களின் வீட்டாருக்கும் வணக்கம்.

பொங்கல் நெருங்கிவிட்டது. வெள்ளையடிக்க ஆள் சொல்லியிருப்பீர்கள். பரணில் கிடக்கும் தகரப்பெட்டிகள் இந்த வாரமோ அடுத்த வாரமோ கீழே இறங்கும். "இது அப்பாவோட ஆபீஸ் பேப்பர், இன்னும் எதுக்கு இடத்தை அடைச்சுக்கிட்டு?" என்று வீட்டில் யாராவது கேட்பார்கள். வாசலில் பழைய பேப்பர்காரரின் குரல் கேட்கும். அதற்கு முன்னால் இந்த மடல் உங்கள் கைக்கு வந்துவிட வேண்டும் என்றுதான் அவசரமாக எழுதுகிறேன். அந்தப் பெட்டியை எடைக்குப் போட்டுவிடாதீர்கள். ஒரே ஒரு நாள் எனக்குத் திறந்து காட்டுங்கள்.

இப்படிக் கேட்பதற்குக் காரணம் உண்டு. இரண்டு வருடத்துக்கு முன், விமானத் துறையில் வேலை பார்த்த ஒரு பெரியவர் காலமாகிவிட்டதாகக் கேள்விப்பட்டு, காரியம் எல்லாம் முடியட்டும் என்று காத்திருந்து, பதினாறு கழிந்த பிறகு அந்த வீட்டுக்குப் போனேன். அவருடைய மகன் அன்பாகத்தான் உட்கார வைத்துக் காபி கொடுத்தார். "நீங்க ஒரு வாரம் முன்னால வந்திருக்கணும் டீச்சர். ரெண்டு பெட்டி நிறைய இருந்துச்சு. எடைக்குப் போட்டுட்டோம்" என்றார். அவர்மேல் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. துக்க வீட்டில் பெட்டிகளை ஒழிப்பதும் ஒரு ஆறுதல்தான். யாரும் அவரிடம் அது என்ன பேப்பர் என்று சொல்லியிருக்கவில்லை. கடை எது என்று கேட்டு அங்கே ஓடினேன். லாரி முந்தின நாளே மில்லுக்குப் போயிருந்தது. கடைக்காரத் தம்பி, என் முகத்தைப் பார்த்துவிட்டு, மிச்சமிருந்த கட்டுகளைப் பிரித்துத் தேட விட்டார். மதியம் வரை தேடியதில் ஒரே ஒரு தாள் கிடைத்தது.

அது ஒரு லோடு ஷீட்டின் கார்பன் பிரதி. உங்களுக்கு அதை விளக்க வேண்டியதில்லை. ஆனால் இந்த மடலைப் படிக்கும் உங்கள் மருமகளுக்கும் பேரனுக்கும் சொல்ல வேண்டும். ஒரு விமானம் கிளம்புமுன் அதில் ஏறிய ஒவ்வொரு எடையும் அந்தத் தாளில் ஏறும். பயணிகள் எத்தனை பேர், அவர்கள் பெட்டிகள் எத்தனை கிலோ, தபால் எத்தனை, சரக்கு எத்தனை, எரிபொருள் எவ்வளவு. எல்லாவற்றையும் கூட்டி, விமானத்தின் எடை மையம் முன்னும் பின்னும் சாயாமல் எல்லைக்குள் விழுகிறதா என்று பார்த்துத்தான் கேப்டன் கையெழுத்துப் போடுவார். முன்பக்கம் எடை கூடினால் மூக்கு தூக்காது. பின்பக்கம் கூடினால் தூக்கிய மூக்கு இறங்காது. கம்ப்யூட்டர் இல்லாத நாளில் இந்தக் கணக்கைப் பென்சிலால், நின்றுகொண்டே, பத்து நிமிஷத்தில் போட்டவர்கள் நீங்கள்.

என்னிடம் இருக்கும் தாளில் 1974 ஜனவரி என்று தேதி தெரிகிறது. நீலக் கார்பன் எழுத்து மங்கியிருக்கிறது. ஒரு எண்ணைத் தப்பாகப் போட்டு, அடித்து, மேலே திருத்தி, ஓரத்தில் சுருக்கெழுத்து போட்டிருக்கிறார்கள். தபால் என்ற கட்டத்தில் இருக்கும் எண்ணைப் பார்த்தபோது எனக்குக் கண் கலங்கிவிட்டது. அது ஏன் என்று பிறகு சொல்கிறேன். தாளைத் திருப்பினால், பின்பக்கம் ஒரு சின்னக் குழந்தையின் கை. ஏழு புள்ளிக் கோலம். மூன்று சிக்கு சரியாக வந்திருக்கிறது, நாலாவது சிக்கில் கோடு தவறிப்போய், மறுபடி பக்கத்திலேயே ஆரம்பித்திருக்கிறது. மார்கழி மாதம், மறுநாள் வாசலில் போட வேண்டிய கோலத்தை அப்பா கொண்டுவந்த வேண்டாத தாளில் போட்டுப் பழகியிருக்கிறது அந்தப் பிள்ளை.

இப்போது நான் யார் என்று சொல்கிறேன். அவனியாபுரத்தில் பிறந்து வளர்ந்தவள். பள்ளிக்கூடத்தில் பூகோளம் சொல்லிக்கொடுத்து ஓய்வுபெற்றவள். என் அப்பா தபால் வேன் டிரைவர். தபால் ஆபீஸிலிருந்து பெருங்குடி ஏரோடிராமுக்கு, அதாவது மதுரை விமான நிலையத்துக்கு, பை கொண்டுபோய்க் கொடுத்து, பிளேனில் வந்த பையை வாங்கி வருவது அவருடைய வேலைகளில் ஒன்று. பள்ளி விடுமுறையில் சில நாள் என்னையும் முன்சீட்டில் உட்காரவைத்துக் கொண்டுபோவார். அப்போது அங்கே பெரிய கட்டடம் எதுவும் கிடையாது. கம்பிவேலி, காற்றின் திசை காட்டும் துணிப்பை கட்டிய கம்பம், தகரக் கொட்டகை, வெயில். இரண்டாம் உலகப் போரில், 1942இல், பிரிட்டிஷ் விமானப்படை பயன்படுத்திய ஓடுதளம் அது என்பதையெல்லாம் பின்னால்தான் படித்துத் தெரிந்துகொண்டேன். அன்று எனக்குத் தெரிந்ததெல்லாம் ஒரு சத்தம்தான். கண்ணுக்குப் புள்ளியாகத் தெரியும் முன்பே காதுக்கு வரும் சன்னமான, கூர்மையான கீச்சு. ஆவ்ரோ விமானத்தின் ரோல்ஸ்ராய்ஸ் டார்ட் எஞ்சின் சத்தம். வைக்கவுண்ட், ஃபோக்கர் ஃபிரெண்ட்ஷிப், ஆவ்ரோ என்ற மூன்று வகை விமானங்களுக்கும் அதே டார்ட்தான். இன்றைக்கும் கண்ணை மூடிக்கொண்டு அந்தச் சத்தத்தை அடையாளம் சொல்வேன்.

போட்டோ எடுக்கக் கூடாது என்றார்கள். அதனால் எழுதிவைத்தேன். வால் பக்கம் இருக்கும், விடி என்று தொடங்கும் விமானப் பதிவு எழுத்துகள், தேதி, நேரம், மழையா வெயிலா. ஒரு நாற்பது பக்க நோட்டில் தொடங்கியது. இன்று ஒரு பீரோ நிறைய நோட்டு இருக்கிறது. கல்யாணம், பிள்ளைகள், வேலை எல்லாவற்றுக்கும் நடுவில் இந்த ஒன்றை நான் விடவே இல்லை. பழைய டைம்டேபிள், டிக்கெட் அடிக்கட்டை, முதல் விமானப் பயணத்தில் போன தபால் உறைகள் என்று தபால்தலை சேகரிப்பவர்களிடமும், புதுமண்டபத்தில் புத்தகக்கடைகள் இருந்த காலத்தில் அங்கும் தேடித் தேடி வாங்கினேன். நாடாளுமன்றக் கேள்வி பதில்களில் விமானத் துறை அமைச்சர் சொன்ன ஒவ்வொரு வரியையும் படித்திருக்கிறேன்.

பெரிய கதை எல்லோருக்கும் தெரியும். 1932 அக்டோபர் 15இல் ஜே.ஆர்.டி. டாடா கராச்சியிலிருந்து அகமதாபாத் வழியாகப் பம்பாய்க்குத் தபாலைக் கொண்டுவந்தார். அங்கிருந்து நெவில் வின்ட்சென்ட் அதை மெட்ராஸ் வரை கொண்டுவந்து சேர்த்தார். நம் நாட்டு விமான சேவையே தபால் பையில்தான் தொடங்கியது என்பதில் தபால் வேன் டிரைவரின் மகளுக்கு ஒரு பெருமை உண்டு. 1946இல் டாடாவின் அந்த விமான சேவை ஏர் இந்தியா ஆனது. 1948 ஜூன் 8இல் அதன் 'மலபார் பிரின்சஸ்' விமானம் பம்பாயிலிருந்து லண்டனுக்குப் பறந்தது.

நம்முடைய கதை 1953 ஆகஸ்ட் 1இல் தொடங்குகிறது. டெக்கான் ஏர்வேஸ், ஏர்வேஸ் இந்தியா, பாரத் ஏர்வேஸ், ஹிமாலயன் ஏவியேஷன், கலிங்கா ஏர்லைன்ஸ், இந்தியன் நேஷனல் ஏர்வேஸ், ஏர் சர்வீசஸ் ஆஃப் இந்தியா, ஏர் இந்தியாவின் உள்நாட்டுப் பிரிவு என்று எட்டுக் கம்பெனிகளைச் சேர்த்து இந்தியன் ஏர்லைன்ஸ் கார்ப்பரேஷன் உண்டானது. கையில் வந்தது 99 விமானங்கள். அதில் 74 டகோட்டா. போர் முடிந்து அமெரிக்கர்கள் விட்டுவிட்டுப் போன டகோட்டாக்கள் மலிவாகக் கிடைத்ததால்தான் அவ்வளவு கம்பெனிகள் முளைத்தன. பிறகு அவ்வளவு பேருக்கும் பிழைப்பு இல்லாமல் போனது. டகோட்டா தரையில் வாலை ஊன்றித்தான் நிற்கும். ஏறினால் சீட்டுக்கு மேட்டில் நடப்பதுபோல் நடந்து போக வேண்டும். அப்பாவுக்கு அந்த விமானத்தின்மேல் கொள்ளை ஆசை. "அது குந்தி இருக்கிற கோழி மாதிரி தாயி, எங்க வேணாலும் இறங்கும்" என்பார்.

இந்த இடத்தில் நாக்பூரைப் பற்றிச் சொல்லாமல் போக மனம் வரவில்லை. 1949 ஜனவரியில் இரவுத் தபால் விமானம் தொடங்கியது. டெல்லி, பம்பாய், கல்கத்தா, மெட்ராஸ் நான்கு ஊரிலிருந்தும் இரவில் ஒவ்வொரு விமானம் கிளம்பும். நள்ளிரவில் நான்கும் நாக்பூரில் கூடும். பைகளை மாற்றிக்கொள்ளும். விடிவதற்குள் அவரவர் ஊருக்குத் திரும்பிவிடும். அதே வருடம், உள்நாட்டுக் கடிதங்களைக் கூடுதல் கட்டணம் வாங்காமலே விமானத்தில் அனுப்பும் ஏற்பாடும் வந்தது. அதாவது, ஒரு கூலித் தொழிலாளி எழுதிய சாதாரணக் கடிதமும் பணக்காரர் எழுதிய கடிதத்தோடு ஒரே பையில் வானத்தில் போனது. மதுரையில் போட்ட கடிதம் ரயிலில் மெட்ராஸ் போய், இரவில் பிளேன் ஏறி, நாக்பூரில் கை மாறும். 1953க்குப் பிறகு அந்த இரவு விமானங்களை ஓட்டும் பொறுப்பு இந்தியன் ஏர்லைன்ஸுக்கு வந்தது. என் அப்பா நாக்பூரைப் பார்த்ததே இல்லை. ஆனால் ராத்திரி சாப்பிட்டுவிட்டுத் திண்ணையில் உட்காரும்போது, "இந்நேரம் நம்ம பை நாக்பூர்ல இறங்கியிருக்கும்" என்று சொல்வார். ஒரு தேசம் என்றால் என்ன என்று எனக்குப் புரிந்தது அந்த ஒரு வாக்கியத்தில்தான். வகுப்பில் இந்திய வரைபடத்தை மாட்டும்போதெல்லாம் முதலில் நாக்பூரைத்தான் தொட்டுக் காட்டுவேன்.

அதற்குப் பிறகு வந்தவற்றை நீங்களே கண்ணால் பார்த்தவர்கள். வைக்கவுண்ட், ஃபோக்கர், 1964இல் ஜெட் விமானமான காரவெல், கான்பூரில் எச்ஏஎல் என்ற இந்துஸ்தான் ஏரோநாட்டிக்ஸ் கட்டிய ஆவ்ரோ, 1970களில் போயிங் 737, ஏர்பஸ். எச்ஏஎல் மொத்தம் கட்டியது 89 ஆவ்ரோ. அதில் இந்தியன் ஏர்லைன்ஸுக்கு வந்தவை 17. 1994இல் தனியாருக்கு வழி திறந்தது. 2005இல் 'இந்தியன்' என்று பெயர் மாறி, கொனாரக் சக்கரம் வாலில் ஏறியது. 2007இல் ஏர் இந்தியாவோடு இணைப்பு. 2011இல், இந்தியன் ஏர்லைன்ஸ் விமான எண்களுக்கு முன்னால் வரும் ஐசி என்ற அந்த இரண்டு எழுத்தும் பயண அட்டவணையிலிருந்து போய்விட்டது. 2022 ஜனவரி 27இல் எல்லாம் சேர்ந்து டாடா குழுமத்திடம் திரும்பியது.

இதில் என் மனதை அறுப்பது இந்த இணைப்போ விற்பனையோ அல்ல. அதைப் பற்றி ஆளுக்கொரு கருத்து இருக்கலாம். எந்தக் கதை நிற்கிறது, எந்தக் கதை போகிறது என்பதுதான். பாபி கூக்காவும் உமேஷ் ராவும் உருவாக்கிய ஏர் இந்தியாவின் சின்னமான மகாராஜாவை உலகமே அறியும். 1967இல் ஓவியர் சால்வடார் டாலி ஏர் இந்தியாவுக்கு ஒரு சாம்பல் கிண்ணம் வடிவமைத்துக் கொடுத்து, அதற்குக் கூலியாக ஒரு யானைக்குட்டியை வாங்கிக்கொண்டார் என்பதை எழுதாத பத்திரிகை இல்லை. எனக்கும் அந்தக் கதைகள் பிடிக்கும். ஆனால் இந்த நாட்டின் விமான சேவை என்றால் லண்டனும் நியூயார்க்கும் மட்டுமா? மதுரை, திருச்சி, கோயம்புத்தூர், போர்ட் பிளேர், பாக்டோக்ரா என்று, டிக்கெட் விற்றாலும் விற்காவிட்டாலும் ஊர் ஊராக இறங்கி ஏறியது இந்தியன் ஏர்லைன்ஸ். அதன் கதைக்குச் சாம்பல் கிண்ணம் இல்லை. மேலவெளி வீதி புக்கிங் ஆபீஸில் சிவப்புக் கார்பன் பூசிய டிக்கெட்டை அழுத்தி எழுதிக் கிழித்துக் கொடுத்த விரல்கள் இருக்கின்றன. விரல் நுனியில் ஒட்டிய அந்தச் சிவப்பு சோப்பு போட்டாலும் போகாது என்று ஒரு அக்கா என்னிடம் சொன்னார். அதை எந்த ஆண்டறிக்கையும் எழுதவில்லை.

1990இல் குவைத் போரின்போது ஜோர்டானின் அம்மானிலிருந்து 1 லட்சத்து 11 ஆயிரத்துக்கும் மேற்பட்ட இந்தியர்களைக் கூட்டிவந்ததை எல்லோரும் கொண்டாடுகிறோம். 488 விமானப் பயணங்கள். ஏர் இந்தியாவும் இந்தியன் ஏர்லைன்ஸும் சேர்ந்து செய்த வேலை. கைப்பையோடு பம்பாயில் வந்து இறங்கி, அங்கிருந்து இராமநாதபுரத்துக்கும் சிவகங்கைக்கும் வீடு தேடிப் போனவர்களுக்கு டிக்கெட் எழுதியதும், அழுதவர்களைத் தேற்றியதும், தண்ணீர் கொடுத்ததும் கணக்கில் வருவதில்லை. அது உங்கள் நினைவில்தான் இருக்கிறது.

இனி நான் சொல்லப்போவது எனக்குச் சொல்லக் கஷ்டமான விஷயம். 1971 டிசம்பர் 9. பாகிஸ்தானோடு போர் தொடங்கி ஆறு நாள். எனக்கு 12 வயது. அன்று அப்பா வழக்கம்போல் பை வாங்க ஏரோடிராம் போயிருந்தார். வீட்டுக்கு வர வேண்டிய நேரம் கடந்துவிட்டது. இருட்டிய பிறகும் வரவில்லை. போர்க்காலம் என்பதால் அம்மா பயந்துபோய் வாசலுக்கும் தெருமுனைக்கும் நடந்துகொண்டே இருந்தாள். அவர் வந்தது நடு ராத்திரி. சட்டையைக் கழற்றவில்லை, கை கால் கழுவவில்லை. திண்ணையில் உட்கார்ந்து, "பிளேன் வரல தாயி" என்றார். அவ்வளவுதான். அதற்குமேல் அன்று எதுவும் பேசவில்லை.

மதுரைக்கு இறங்கிக்கொண்டிருந்த ஆவ்ரோ அது. விடி-டிஎக்ஸ்ஜி. பகல் வெளிச்சம்தான், ஆனால் பார்வைக்குத் தெளிவில்லை. ஓடுதளத்துக்குச் சுமார் 50 மைல் இருக்கும்போது, சின்னமனூர்ப் பக்கத்து மலையில் மோதியது. விமானத்தில் 31 பேர். 21 பேர் இறந்துபோனார்கள். விமானப் பணியாளர்கள் 4 பேரும் அதில் போய்விட்டார்கள். 10 பேர் பிழைத்தார்கள்.

என் நோட்டில் விடி-டிஎக்ஸ்ஜி என்ற எழுத்துகள் மூன்று இடத்தில் இருந்தன. மூன்று முறை நான் அதைக் கம்பிவேலிக்கு இந்தப் பக்கம் நின்று பார்த்திருக்கிறேன். நாலாவது முறை எழுத வேண்டிய பக்கத்தை வெறுமையாக விட்டேன். இன்றும் அது அப்படியே இருக்கிறது. வேடிக்கையாகத் தொடங்கிய ஒன்று எனக்கு வாழ்க்கை வேலையாக மாறியது அன்றுதான் என்று நினைக்கிறேன். பிளேன் ஏன் வரவில்லை என்று தெரிந்துகொள்ள வேண்டும் என்ற ஆசை முதலில். பிறகு, வந்த ஒவ்வொரு பிளேனும் எப்படி வந்தது, யார் யார் உழைப்பில் பத்திரமாக வந்தது என்று தெரிந்துகொள்ளும் ஆசை.

அந்த நாளைப் பற்றி உலகத்தின் விபத்துப் பட்டியல்களில் இருப்பது நான் மேலே எழுதிய நாலைந்து வரிதான். ஒரு ஊரின் துக்கத்துக்கு நாலைந்து வரி போதுமா? அன்று ஸ்டேஷனில் டூட்டியில் இருந்தது யார்? ரேடியோவில் பதில் வராமல் போன அந்த நிமிஷத்தில் அறையில் என்ன பேசிக்கொண்டீர்கள்? வரவேற்க மாலையோடும் குழந்தையோடும் வந்து நின்ற சொந்தக்காரர்களிடம் யார் போய்ச் சொன்னது? சின்னமனூரிலிருந்து மலை ஏறியது யார், காயப்பட்டவர்களைத் தோளில் சுமந்து இறக்கியது யார்? அப்பா அன்றிரவு உங்களோடுதான் உட்கார்ந்திருந்தார். காலிச் சாக்குப் பையோடு. அவர் கடைசிவரை பேசவில்லை, 1998இல் காலமாகிவிட்டார். நீங்கள் பேசலாம். இந்த மடல் சின்னமனூர், தேவாரம், போடிப் பக்கம் யார் கைக்காவது போனால், உங்கள் வீட்டுப் பெரியவர்களிடம் ஒரு வார்த்தை கேளுங்கள். அன்று மலைக்கு ஓடியவர்கள் இப்போது எழுபதைத் தாண்டியிருப்பார்கள். நாளை கேட்கலாம் என்று இருந்துவிட வேண்டாம்.

லோடு ஷீட்டில் தபால் கட்டத்தைப் பார்த்து ஏன் அழுதேன் என்று இப்போது புரிந்திருக்கும். அதில் 38 கிலோ என்று இருக்கிறது. அந்த 38 கிலோவை வேனிலிருந்து இறக்கி உங்கள் தராசில் வைத்தது என் அப்பாவாகவே இருந்திருக்கலாம். அவர் முப்பது வருடம் செய்த வேலைக்கு எழுத்தில் இருக்கும் ஒரே சான்று இன்று என்னிடம் அந்த எண் மட்டும்தான்.

உங்களில் சிலருக்குத் தயக்கம் இருக்கும் என்று தெரியும். "ஆபீஸ் பேப்பரை வீட்டில் வைத்திருந்தோம் என்று தப்பாக வருமோ?" என்று ஒரு அண்ணன் கேட்டார். ஐம்பது வருடப் பழைய கார்பன் பிரதியும், காலாவதியான டைம்டேபிளும், ஓய்வுபெற்ற அன்று எடுத்த குரூப் போட்டோவும் யாருக்கும் கெடுதல் செய்யாது. மத்திய அரசின் கோப்புகளையும், அரசு நடத்திய கார்ப்பரேஷன்களின் கோப்புகளையும் இஷ்டத்துக்கு அழிக்கக் கூடாது என்று 1993இலேயே பொது ஆவணச் சட்டம் வந்திருக்கிறது. ஆனால் அந்தச் சட்டம் டெல்லி அலமாரியைத்தான் காக்கும். பரணில் இருக்கும் தகரப்பெட்டியைக் காப்பது நீங்களும் நானும்தான். அதோடு, டெல்லிக் கோப்பில் என்ன இருக்கும்? உத்தரவு இருக்கும், செலவு இருக்கும். ராத்திரி மழையில் படிக்கட்டு வண்டியை நாலு பேர் தள்ளியது இருக்காது.

"எங்க அப்பா சாதாரண லோடர்தாம்மா, கேப்டன் எல்லாம் இல்ல, அவர்கிட்ட என்ன இருக்கப்போகுது?" என்று இன்னொரு வீட்டில் சொன்னார்கள். தயவுசெய்து அப்படி நினைக்காதீர்கள். கேப்டன்களின் லாக் புக்கை அவர்கள் வீட்டார் கண்ணாடிப் பெட்டிக்குள் வைப்பார்கள். எனக்கு லோடரின் டூட்டி சிலிப் வேண்டும். சக்கரத்துக்குக் கட்டை வைத்தவர், சாப்பாட்டுப் பெட்டி ஏற்றியவர், காதுக்குப் பஞ்சும் மிட்டாயும் வைத்த தட்டைத் துடைத்து அடுக்கியவர், ஓடுதளத்தில் மேயவந்த ஆட்டை விரட்டிய வாட்ச்மேன், இவர்கள் வீட்டுப் பெட்டிதான் எனக்கு முதலில் வேண்டும். சம்பளச் சிலிப், யூனியன் நோட்டீஸ், ஊழியர் பாஸில் ஊர் சுற்றிய டிக்கெட், தீபாவளி வாழ்த்து அட்டை, காலண்டர், சட்டைப் பித்தான், லக்கேஜில் கட்டிய, மதுரையின் குறியீடான ஐஎக்ஸ்எம் என்று எழுதிய அட்டை, எதுவாக இருந்தாலும் சரி. உங்கள் வீட்டில் பேப்பரே இல்லை, ஞாபகம் மட்டும்தான் இருக்கிறது என்றால், அதற்காகவும் வருவேன். ஒரு மணி நேரம் பேசினால் போதும், நான் எழுதிக்கொள்கிறேன். தமிழிலேயே பேசுங்கள். மதுரை ஸ்டேஷன் தமிழில்தான் ஓடியது, அதன் கதையும் தமிழில்தான் எழுதப்பட வேண்டும்.

என் பக்கத்து வாக்குறுதி இது. எந்த அசலையும் நான் எடுத்துக்கொண்டு போகமாட்டேன். ஸ்கேனரோடு உங்கள் வீட்டுக்கே வந்து, உங்கள் கண் முன்னால் பிரதி எடுத்து, அசலைத் திரும்பப் பெட்டிக்குள் வைத்துவிட்டுத்தான் எழுந்திருப்பேன். எடுத்த பிரதியில் ஒன்று உங்களுக்கு. ஒன்று என் பீரோவுக்கு. வேலை முடிந்ததும் எல்லாவற்றையும் அட்டவணை போட்டு, நத்தம் ரோட்டில் இருக்கும் கலைஞர் நூற்றாண்டு நூலகத்துக்குக் கொடுக்கப் பார்க்கிறேன். யார் வேண்டுமானாலும் கேட்டு வாங்கிப் படிக்கும்படி ஒரு பொது இடத்தில் அது இருக்க வேண்டும் என்பதே என் விருப்பம். பெயர் வேண்டாம் என்றால் பெயர் போடமாட்டேன். வீட்டு விஷயம் எதையும் எழுதமாட்டேன். விற்பதற்கோ வாங்குவதற்கோ இதில் ஒன்றுமில்லை. பெட்டி கனமாக இருக்கிறது, ஏணி ஏற ஆள் இல்லை என்றால், என் பேரனையும் கூட்டிவருகிறேன். அவன் ஏறி இறக்கித் தருவான்.

இந்த மடலைப் பிரதி எடுத்து, உங்களில் எனக்குத் தெரிந்த ஆறேழு வீடுகளுக்கு நேரில் கொடுத்திருக்கிறேன். நீங்கள் அடுத்தவருக்குக் கொடுங்கள். மதுரையை விட்டுப் போய்ச் சென்னையிலோ பெங்களூரிலோ பிள்ளைகளோடு இருப்பவர்களுக்கு போனில் படித்துக் காட்டுங்கள். இதை உங்களிடம் கொடுத்தவரிடம் ஒரு வார்த்தை சொன்னால் போதும், எனக்கு வந்து சேர்ந்துவிடும். காலையில் சொன்னால் சாயங்காலம் வந்துவிடுவேன்.

பெருங்குடியில் இன்று 2010இல் திறந்த புது டெர்மினல் இருக்கிறது. 2012இலிருந்து கொழும்புக்குப் பிளேன் போகிறது. நானும் போய்ப் பார்க்கிறேன், சந்தோஷமாகத்தான் இருக்கிறது. வேலி இருந்த இடம் எது, தகரக் கொட்டகை இருந்த இடம் எது என்று எனக்குத் திட்டமாகத் தெரியவில்லை. உங்களில் யாராவது ஒருநாள் என்னோடு வந்து, இங்கேதான் தராசு இருந்தது, இங்கேதான் தபால் வேன் நிற்கும் என்று கையைக் காட்டிச் சொன்னால், நான் அதை வரைபடத்தில் குறித்துக்கொள்வேன்.

கடைசியாக ஒன்று. அந்த லோடு ஷீட்டின் பின்னால் கோலம் போட்ட பிள்ளைக்கு. உங்களுக்கு இப்போது அறுபது வயதை ஒட்டி இருக்கும். அப்பா மதுரை ஸ்டேஷனில் வேலை பார்த்திருப்பார், அல்லது அப்பாவின் நண்பர் யாராவது அந்தத் தாளை உங்களுக்குக் கொடுத்திருப்பார். ஏழு புள்ளி, நாலாவது சிக்கில் கோடு தவறியிருக்கும். ஞாபகம் வந்தால் சொல்லி அனுப்புங்கள். அந்தத் தாள் மட்டும் நான் ஸ்கேன் எடுத்த பிரதி இல்லை, நீங்கள் கோலம் போட்ட அதே தாள். உறை போட்டு வைத்திருக்கிறேன். அது உங்களுடையது. கொண்டுவந்து கொடுக்கிறேன்.

இப்படிக்கு,
தபால் வேன் டிரைவரின் மகள்
அவனியாபுரம், மதுரை